மனைவியைத் தூக்கித் தூக்கி எனக்கே குடலிறக்கம்: ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கரிசல்மண் (கோவில்பட்டி பக்கம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 71. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். என் வீட்டம்மாவுக்கு 68. அவளுக்குப் பக்கவாதம் வந்து மூன்றாவது பொங்கலும் போய்விட்டது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரிகிறது, திருப்பிச் சொல்ல வரவில்லை. "வா" என்ற ஒரு சொல்தான் மிச்சம். பசித்தாலும் "வா", வலித்தாலும் "வா", கோபம் வந்தாலும் "வா". முகத்தைப் பார்த்துத்தான் எது என்று தெரிந்துகொள்வேன்.

அவள் எடை 62 கிலோ. காலையில் கட்டிலிலிருந்து எடுத்து கமோடு நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், அங்கிருந்து குளியலறைக்கு, மறுபடி கட்டிலுக்கு. மத்தியானம் சாப்பிட உட்கார வைப்பது, சாயங்காலம் வாசலில் கொஞ்சம் காற்று வாங்க வைப்பது. இவ்வளவுக்கும் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து அப்படியே தூக்கிவிடுவேன். இத்தனை நாளும் முடிந்தது.

சில மாதங்களாக வலது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும். இருமினாலோ அவளைத் தூக்கினாலோ வெளியே வந்து நிற்கும். இப்போது சாயங்காலம் ஆனால் அந்த இடம் வலிக்கிறது. சர்ஜன் பார்த்துவிட்டு, "குடலிறக்கம், வலை வைத்துத் தைக்க வேண்டும், அப்புறம் ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது" என்றார். பிரஷர் பார்த்தபோது 160/100. "வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வேறு சிலதும் சொல்லிவிடுகிறேன். அவள் இடது கையில் ஒரு எவர்சில்வர் கரண்டி வைத்திருப்பாள். தேவை என்றால் கட்டில் கம்பியில் தட்டுவாள். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு தடவை தட்டுவாள், மூன்று மணிவாக்கில் இன்னொரு தடவை. எழுந்து வேலையை முடித்துப் படுத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. மத்தியானச் சாப்பாடு மூன்றரைக்கு மேல் ஆகிவிடுகிறது. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. இடது கண்ணில் புரை இருக்கிறது, எடுக்கச் சொல்லி ரொம்ப நாளாகிறது. மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரை வாசிக்க முடியவில்லை. மகள் வந்திருந்தபோது சம்புடங்களில் காலை, மதியம், இரவு என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். அட்டைகளைக் கத்தரித்து அதில் போட்டு வைத்திருக்கிறேன். நிறத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

மகன் புனேயில், மகள் திருப்பூரில். மகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. இருவரும் பணம் அனுப்புகிறார்கள், தினமும் வீடியோவில் பேசுகிறார்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வீக்கத்தைப் பற்றி இருவரிடமும் சொல்லவில்லை. ஹோம் நர்ஸ் வைத்துப் பார்த்தோம். வந்த பெண் ஊட்டினால் வீட்டம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள். அந்த ஏஜென்சியும் மாதத்துக்கு ஒரு ஆளை மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நான் கேட்பது இதுதான். ஆபரேஷனை இன்னும் ஆறு மாதமோ ஒரு வருடமோ தள்ளிப்போடலாமா? செய்தே ஆக வேண்டும் என்றால் அந்த ஆறு வாரத்தை எப்படி ஓட்டுவது? என் வயதில் வீட்டில் நோயாளியை வைத்துப் பார்க்கிறவர்கள், உங்கள் உடம்பை என்ன செய்கிறீர்கள்?

பாளைச்செவிலி (பாளையங்கோட்டை) எழுதியது:

அண்ணாச்சி, வணக்கம். நான் ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ். ஆண்கள் வார்டிலும் எலும்பு முறிவு வார்டிலும் பல வருடம் இருந்தவள்.

முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். அந்த வீக்கம் படுத்த பிறகும் உள்ளே போகாமல் கல் மாதிரி நின்றுவிட்டால், வலி தாங்க முடியாமல் போனால், வாந்தி வந்தால், மேல் தோல் சிவந்தாலோ கறுத்தாலோ, வாயு பிரியாமல் வயிறு உப்பினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அந்த நிமிஷமே 108. குடல் மாட்டிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிடும். இப்போது நாள் குறித்துச் செய்தால் சின்ன ஆபரேஷன். அப்போது உயிர் காக்கும் ஆபரேஷன் ஆகிவிடும். அப்படி நடுராத்திரி உங்களை வண்டியில் ஏற்றினால் மதினிக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்? அவரை நினைத்தாவது தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது தூக்குவது. ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கையால் தூக்குவதற்கு ஒரு வரம்பு சொல்வார்கள். அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனம் சொன்ன கணக்கு 35 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 16 கிலோ. பயிற்சி பெற்ற, பாதி வயதுக்காரர்களுக்கே அவ்வளவுதான். நீங்கள் 62 கிலோவைத் தினமும் பல தடவை தூக்கியிருக்கிறீர்கள். உங்கள் உடம்பு இத்தனை நாள் தாங்கியதே பெரிது.

அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அது உங்கள் இடுக்குக்கும் இடுப்புக்கும் கெடுதல், அவருக்கும் கெடுதல். வாதம் வந்த பக்கத்துத் தோளில் தசை தளர்ந்திருக்கும். அந்தக் கையை இழுத்தால் மூட்டு நழுவும். அவர் "வா" என்று கத்துவதில் பாதி அந்தத் தோள் வலியாகக்கூட இருக்கலாம்.

ஆபரேஷன் முடிந்து ஆறும் வரைக்கும் அவரைத் தனியாக எழுப்பி நிற்கவைக்கவே வேண்டாம். காலைக்கடன் படுக்கையிலேயே, பெட்பான் வைத்து. பழைய பருத்திப் புடவை ஒன்றை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் வருகிற மாதிரி அவருக்குக் கீழே விரித்துவிடுங்கள். ஆளைத் தொட்டு இழுக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் இரு பக்கமும் நின்று புடவையைச் சுருட்டிப் பிடித்து நகர்த்தினால் ஆள் தானாக நகர்வார். திருப்பிப் படுக்க வைக்க, எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி நிறுத்தி, அந்த முழங்காலிலும் இடுப்பிலும் கைவைத்து உங்கள் பக்கம் உருட்டுங்கள். வாதப் பக்கத்துத் தோள் மட்டும் உடம்புக்கு அடியில் சிக்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இப்படி மாற்ற வேண்டும். வால் எலும்பு, குதிகால் இரண்டையும் தினமும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் அது படுக்கைப்புண்ணின் ஆரம்பம். உங்களுக்குக் கண் மங்கல் என்கிறீர்கள். அதை வேறு யாராவது பார்க்கட்டும்.

கட்டில் என்ன உயரம்? நம் வீட்டுக் கட்டில்கள் எல்லாம் தாழ்வு. குனிந்து குனிந்தே முதுகு போய்விடும். கால்களுக்கு அடியில் குழி வெட்டிய மரக்கட்டை வைத்து உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். செங்கல் வைக்காதீர்கள், நழுவும்.

நீங்கள் தேறிய பிறகு செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சக்கர நாற்காலியை அவருடைய நல்ல பக்கத்தில், அதாவது இடது பக்கத்தில் போட்டு பிரேக் பூட்ட வேண்டும். அவர் இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். கட்டில் உயரமாக இருந்தால் அந்த நேரத்துக்கு ஒரு அகலமான, ஆடாத மணைப்பலகை போடுங்கள். இடுப்பில் அகலமான துணி பெல்ட் கட்டி, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவரை முன்னால் நன்றாகக் குனியச் சொல்லுங்கள். மூக்கு முழங்காலைத் தாண்டி வந்தால்தான் பின்பக்கம் தானாக மேலே கிளம்பும். உங்கள் முழங்காலால் அவருடைய வலது முழங்கால் மடங்காமல் முட்டுக்கொடுத்து, அப்படியே திருப்பி உட்கார வையுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் வந்து ஒரு தடவை காட்டிக் கொடுத்தால்தான் கைக்கு வரும். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்டும், வலி தணிப்புச் சிகிச்சை நர்ஸும் வீட்டுக்கே வருவார்கள், காசு கிடையாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். ஒருவேளை மதினிக்கு ஏற்கெனவே யாராவது மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்களா?

பெங்களூர்வாசி எழுதியது:

ஐயா, மருத்துவம் எனக்குத் தெரியாது. உங்கள் மகனுடைய இடத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

என் அம்மாவுக்குப் பார்க்கின்சன். திண்டுக்கல்லில் அப்பாதான் பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டி, தலைவாரி, பொட்டு வைத்து, போனில் எங்களிடம் காட்டுவார். நாங்கள் எல்லோரும் அம்மாவைப் பற்றித்தான் விசாரிப்போம். அப்பா நன்றாக இருக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. அவர் குரலும் அப்படித்தான் இருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் மாரடைப்பு. போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் அவருடைய சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. ஈசிஜி எடுத்துக்கொண்டு வரச் சொல்லி, சில வாரங்களுக்கு முன்னால் டாக்டர் எழுதிக் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "நெஞ்சு கரிக்கிறது என்று கேஸ் மாத்திரை வாங்கிக்கொண்டு போவார் தம்பி, அம்மாவை யார் பார்ப்பார்கள் என்று ஆஸ்பத்திரிக்கு மட்டும் போக மாட்டார்."

அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். அப்பா எங்கே என்று அவர் கேட்கிற நாட்கள் உண்டு.

நீங்கள் சொன்னால் பிள்ளைகளுக்குப் பாரம் என்று நினைக்கிறீர்கள். சொல்லாமல் விடுவதைவிடப் பெரிய பாரம் எங்களுக்கு எதுவும் கிடையாது ஐயா. அந்தச் சீட்டு ஒரு போட்டோவாக எனக்கு வந்திருந்தால் அன்றிரவே வண்டி ஏறியிருப்பேன். இன்று இரவு வீடியோவில் பேசும்போது உங்கள் மகனிடமும் மகளிடமும் சேர்த்தே சொல்லுங்கள். "ஒன்றுமில்லை, சின்ன வீக்கம்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஆறு வாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும், பிரஷர் எவ்வளவு என்பதையும் அப்படியே சொல்லுங்கள்.

நெறி எழுதியது:

பெரியவரை மதிக்கிறேன். ஆனால் கட்டின மனைவிக்குச் செய்வதில் என்ன எடைக் கணக்கு, தூக்கக் கணக்கு? நம் தாத்தா பாட்டி காலத்தில் இதையெல்லாம் யாரும் வெளியில் சொன்னதில்லை. செய்கிற மனம் இருந்தால் உடம்பு தானாக ஒத்துழைக்கும். இப்படிப் பொதுவில் பேசுவதைப் பார்த்தால் பார்த்துக்கொள்வதே ஒரு நோய் என்கிற மாதிரி ஆகிவிடும்.

கரிசல்மண் எழுதியது:

நெறி தம்பிக்கு. செய்கிற மனம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கல்யாணமாகி நாற்பது வருடத்துக்கு மேல் அவள் கையால் சாப்பிட்டவன் நான். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கி அவள் கொண்டுவந்த கூலியில்தான் மகன் படித்தான். அவளுக்குச் செய்வது எனக்குக் கஷ்டமே இல்லை. காலையில் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உட்கார வைத்ததும் என்னைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரிப்பாள். அந்த ஒரு நிமிஷத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

உடம்பு ஒத்துழைக்கும் என்கிறீர்கள். போன வாரம் அவளை எடுக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, அவளோடு சேர்ந்து கட்டிலில் சாய்ந்துவிட்டேன். கட்டிலில் சாய்ந்ததால் போயிற்று. தரையில் விழுந்திருந்தால் இரண்டு பேரில் யாராலும் எழுந்து கதவைத் திறந்திருக்க முடியாது. அதனால்தான் இங்கே கேட்கிறேன். தாத்தா காலத்தில் ஒரு வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். இங்கே நாங்கள் இரண்டு பேர்.

பாளை அம்மாவுக்கு நன்றி. ஆமாம், மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பெண் வீட்டுக்கு வந்து அவளுக்குப் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுக்கிறார். அவளுக்குப் பிரஷரும் பார்ப்பார். எனக்குப் பார்க்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

மதுரைப்பொதுமருத்துவன் எழுதியது:

ஐயா, முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில். வலியே இல்லாத, தொந்தரவு தராத குடலிறக்கமாக இருந்தால் சில ஆண்களுக்கு உடனே அறுக்காமல், டாக்டர் கண்காணிப்பில் பொறுத்துப் பார்ப்பது உண்டு. உங்களுடையது வலிக்கிறது, தினமும் பாரம் தூக்குகிறீர்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளக் கூடிய வகை இல்லை. சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். முதலில் பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். கண் இருட்டியதை சர்ஜனிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஈசிஜி, சர்க்கரை, ரத்தத்தின் அளவு எல்லாம் பார்த்துவிடலாம். எடை குறைந்ததற்கும் காரணம் தேட வேண்டும். நேரம் தவறிச் சாப்பிடுவதால்தான் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. சிறுநீர் முக்கிப் போகிறீர்களா, மலச்சிக்கல் உண்டா, நாள்பட்ட இருமல் உண்டா? மூன்றும் குடலிறக்கத்தைப் பெரிதாக்கும், தைத்த பிறகும் தொந்தரவு தரும். உங்கள் வயதில் பிராஸ்டேட் வீக்கம் சகஜம், அதையும் கேளுங்கள். இந்த ஆபரேஷனைப் பலருக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தே செய்ய முடியும். அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். உங்களுக்கு அது சரிப்படுமா என்று கேளுங்கள். மனைவியை விட்டு எத்தனை ராத்திரி இருக்க வேண்டும் என்பதுதானே உங்கள் கவலை.

நெறி அவர்கள் சொன்னதற்கும் பதில் இருக்கிறது. இது மனசு சம்பந்தப்பட்ட புலம்பல் இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஷுல்ஸ், பீச் என்ற இருவர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு. 66 முதல் 96 வயது வரை உள்ள, துணையைப் பார்த்துக்கொள்கிறவர்களை நான்கு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பார்த்துக்கொள்வதோடு, அது தன்னை நசுக்குகிறது என்று சொன்னவர்களுக்கு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு வாய்ப்பு 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டாலும் அழுத்தம் இல்லை என்றவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை. 2013-ல் வந்த வேறொரு பெரிய ஆய்வில், குடும்பத்தினரைக் கவனித்துக்கொள்கிறவர்களை மொத்தமாக எடுத்தால், மற்றவர்களைவிட இறப்பு 18 சதவீதம் குறைவாகவே இருந்தது. ஆக, மனைவிக்குச் செய்வது யாரையும் கொன்றுவிடாது. ஒற்றை ஆளாக, தூங்காமல், மருந்து எடுக்காமல் செய்வதுதான் ஆபத்து. நீங்கள் எழுதியதில் அந்த மூன்றும் இருக்கின்றன.

ஆபரேஷனுக்குப் போகிறவர் என்பதால் இன்னொன்று. 1995-ல் ஒஹையோவில், மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேரின் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னக் காயம் செய்து, ஆற எத்தனை நாளாகிறது என்று பார்த்தார்கள். அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிட ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. அடுத்த வருடமே, மறதி நோய் வந்த துணையைப் பார்த்துக்கொள்ளும் முதியவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்புச் சக்தி மற்றவர்கள் அளவுக்கு உண்டாவதில்லை என்று அதே குழு காட்டியது. ஓயாத மன அழுத்தம் நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலையை மந்தப்படுத்துகிறது. அதனால் ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரமாவது ராத்திரியில் வேறு யாராவது எழுந்திருக்க ஏற்பாடு செய்யுங்கள். தூக்கத்தையும் மருந்துச் சீட்டில் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

புரையையும் விட்டுவிடாதீர்கள். குடலிறக்கம் ஆறியதும் அடுத்த வேலை அதுதான். நிறத்தை நம்பி மாத்திரை கொடுப்பது ரொம்ப ஆபத்து. கம்பெனி மாறினால் அதே மாத்திரை வேறு நிறத்தில் வரும். பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் மாறினால் இரண்டு பேருக்குமே கேடு. இனிமேல் வீட்டில் உங்கள் மாத்திரையும் சேரப் போகிறது. அவருடைய சம்புடங்களோடு கலக்காமல் வேறு அலமாரியில் வையுங்கள்.

காவிரிக்கரை (கும்பகோணம்) எழுதியது:

அண்ணா, எனக்கு 66. மாமியாருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, மறதி நோய். எல்லோரும் ஆபரேஷனைப் பற்றி எழுதிவிட்டார்கள். வாயை மூடிக்கொள்கிற ஆளை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று யாரும் எழுதவில்லை. அது எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டிலும் வெளியாள் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். தட்டைத் தள்ளிவிடுவார். தெருவில் பூ கட்டி விற்கிற ஒரு பெண் உண்டு. மாமியார் நடமாடிய காலத்திலிருந்தே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவள். அவளைக் கேட்டேன். முதல் சில நாள் வந்து மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூ மட்டும் கட்டினாள். வேறு எதுவும் செய்யவில்லை. மாமியாரும் உதிரிப்பூவை எடுத்து எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அப்புறம் தலை வாரிவிட்டாள், தலையில் பூ வைத்தாள். அதற்கு அடுத்துத்தான் ஒரு வாய் சாதம். அத்தனை நாளும் நான் அதே அறையில், கண்ணில் படுகிற இடத்திலேயே இருந்தேன். நான் கூடத்துக்குப் போனால் தேடாத நாள் வந்த பிறகுதான் வெளியில் கிளம்பினேன். ஏஜென்சி ஆளை முதல் நாளே ஊட்ட விட்டால் யாராக இருந்தாலும் வாயை மூடத்தான் செய்வார்கள். உங்கள் வீட்டம்மாவுக்குப் பழகிய முகம் யாராவது இருப்பார்களே. கூட வேலை பார்த்தவர்கள், தெருக்காரர்கள்? ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்னாலேயே வரவையுங்கள். கட்டாயம் கூலி பேசிக் கொடுங்கள். சும்மா உதவியாக வருகிறவரிடம் நாளைக்கும் வா என்று கேட்க நமக்கே வாய் வராது.

உடம்பை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டீர்களே. எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள், இதைப் படிக்கிற பெண்களுக்காகச் சொல்கிறேன். பாரம் தூக்கித் தூக்கி எனக்குக் கருப்பை இறங்கிவிட்டது. தும்மினால் சிறுநீர் கசியும். உட்கார்ந்தால் கீழே ஏதோ இடிக்கும். வீட்டில் ஆண்களிடம் சொல்லக் கூச்சம். மாமியாரை அழைத்துக்கொண்டு போகிற டாக்டர்கள் எல்லோரும் அவருக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். கூடவே நிற்கிற எனக்கு என்ன என்று யாரும் கேட்டது கிடையாது. ஒரு தடவை அரசு மருத்துவமனையில் மகப்பேறு பிரிவில் தனியாக ஓ.பி. சீட்டு போட்டு உட்கார்ந்தேன். உள்ளே ஒரு வளையம் பொருத்தி, கருப்பையைக் கீழிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடுகிற பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது நடக்க முடிகிறது. கூட வருகிறவர் என்று நிற்காதீர்கள் அண்ணா, உங்கள் பெயருக்கும் ஒரு சீட்டுப் போடுங்கள்.

வீட்டு வேலை முழுவதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலை எத்தனை மணிக்கு என்ன, எந்த மாத்திரை, எப்படித் திருப்புவது, கரண்டியை எப்படித் தட்டினால் என்ன அர்த்தம். நான் அப்படி எழுதிக் காட்டிய பிறகுதான் என் நாத்தனார், "இவ்வளவா செய்கிறீர்கள்?" என்று கேட்டு, தன் முறை என்று வந்து தங்க ஆரம்பித்தார்.

பாளைச்செவிலி எழுதியது:

அந்த நோட்டு ரொம்ப முக்கியம் அண்ணாச்சி. கூடவே இரண்டு போன் எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள். 14567, முதியோர் உதவி எண், காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை. ஊரில் என்ன வசதி இருக்கிறது, ஆபரேஷன் சமயத்தில் மதினியைக் கொஞ்ச நாள் மட்டும் வைத்துப் பார்க்கிற இடம் பக்கத்தில் உண்டா என்று விசாரிக்கலாம். மனசு தாங்காமல் போகிற ராத்திரிக்கு 14416, டெலி மனாஸ். எந்த நேரமும் தமிழிலேயே பேசுவார்கள்.

கரிசல்மண் எழுதியது:

எல்லோருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

பெங்களூர் தம்பி எழுதியதைப் படித்த அன்றைக்கு ராத்திரியே பிள்ளைகள் இருவரையும் ஒரே அழைப்பில் வரச் சொல்லிப் பேசினேன். மகள் அழுதாள், அப்புறம் திட்டினாள். மகன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று அவனே கூப்பிட்டான். ஆபரேஷன் வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் அவன் இருப்பான். அதற்குப் பிறகு காலாண்டு விடுமுறையை ஒட்டி மகள் பிள்ளைகளோடு வருகிறாள். மிச்ச வாரங்களுக்குத் தெருவிலேயே ஒரு ஏற்பாடு. என் வீட்டம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த பெண் இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். கும்பகோணத்து அம்மா சொன்னது மாதிரியே, முதலில் சும்மா வந்து உட்காரச் சொன்னேன். இருவரும் பழைய ஆட்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பெண் பேசுவாள், இவள் "வா, வா" என்பாள். நேற்று அவள் கையால் அரை இட்லி சாப்பிட்டிருக்கிறாள். ராத்திரி முழிக்க அந்தப் பெண்ணின் மருமகனுடைய அத்தை ஒருவர் வருகிறார். கூலி பேசியாகிவிட்டது, அதை மகன் ஏற்றுக்கொண்டான். நான் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறேன். இரண்டு ராத்திரியாகக் கரண்டிச் சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை.

மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் எனக்கும் பிரஷர் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு என் பெயரையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இப்போது 146/90. மருத்துவர் ஐயா சொன்னபடி ஈசிஜி எடுத்தேன். அதில் கோளாறு இல்லை என்றார்கள். ரத்தம் குறைவு, அதற்கு மாத்திரை கொடுத்து வேறு சில பரிசோதனையும் எழுதியிருக்கிறார்கள். சிறுநீர் முக்கித்தான் போகிறேன். அதையும் சொல்லிவிட்டேன்.

பாளை அம்மாவிடம் ஒரு சந்தேகம். ஆசாரி வந்து கட்டிலை அளந்துவிட்டுப் போனார். ஒன்பது அங்குலம் உயர்த்தினால் என் இடுப்புக்கு வரும். ஆனால் அவள் ராத்திரியில் இடது காலை உந்தி ஓரத்துக்கு வந்துவிடுகிற பழக்கம் உண்டு. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடாதா?

பாளைச்செவிலி எழுதியது:

நல்ல வேளை கேட்டீர்கள். உயர்த்துவதற்கு முன்னால் கட்டிலின் வலது பக்கத்தை, அதாவது வாதப் பக்கத்தைச் சுவரை ஒட்டிப் போட்டுவிடுங்கள். இடைவெளி இருக்கக் கூடாது, கை சிக்கும். நல்ல கை அறையைப் பார்த்து இருக்கும், தட்டவும் வசதி. அந்த இடது ஓரத்துக்கு மடக்குகிற தடுப்புக் கம்பி ஒன்றை ஆசாரியிடமே பொருத்தச் சொல்லுங்கள். கம்பிகளுக்கு நடுவே தலை நுழைகிற இடைவெளி விடக் கூடாது. ராத்திரியில் மட்டும் கட்டிலுக்குக் கீழே ஒரு பழைய மெத்தை விரித்துவிடுங்கள், காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள், உங்களுக்கே கால் தடுக்கும். இரண்டு பேர் வேலை செய்யும்போது சுவர்ப்பக்கம் ஆள் நிற்க முடியாதே என்று கேட்பீர்கள். அதற்கு ஆசாரியிடம் பூட்டுப் போடுகிற சக்கரம் கட்டைக்கு அடியில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். உயரத்தில் சக்கரத்தையும் சேர்த்துக் கணக்குப் பண்ணச் சொல்லுங்கள், சக்கரம் மூன்று அங்குலம் என்றால் மரக்கட்டை ஆறு அங்குலமே போதும். ஆபரேஷன் தேதி குறித்ததும் இங்கே எழுதுங்கள்.